அம்மா கடைந்த இரும்பு

லாயாங் லாயாங்,
ஞாயிற்றுக்கிழமை.

என் தங்க மகள் தேன்மொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ இருக்கும் சபா மாநிலத்தில் விடாத மழை என்று செய்தியில் பார்த்தோம். நனையாமல் வகுப்புக்குப் போ. போனில் என் படிப்பைப் பற்றித் தொடங்கினாலே நீ வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நான் தேறிவிட்டேன், என் ராணி! லேத் மெஷின் செய்முறைத் தேர்வில்!

இரும்புக் கம்பியை லேத்தில் பூட்டிச் சுழலவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி ஒரு தண்டு கடைய வேண்டும். ஆசிரியர் ஒரு வளையம் வைத்திருப்பார். தண்டு அதற்குள் ஆடாமல் நுழைய வேண்டும். போன மாதம் பதற்றத்தில் அதிகமாகச் சீவிவிட்டேன். தண்டு லொடலொடவென்று ஆடியது. சீவியதை ஒட்டவைக்கவா முடியும்? கழிவறையில் போய் அழுதேன். வீட்டில் சொல்லவில்லை. மறுதேர்வு எழுதியவள் நான் ஒருத்திதான்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. கடைசிச் சீவலுக்கு முன் மெஷினை நிறுத்தி, இரும்பு ஆறும்வரை காத்திருந்து அளந்தேன். சூட்டில் இரும்பு துளி உப்பியிருக்கும், அளவு பொய் சொல்லும். பிறகுதான் சீவினேன். தண்டு வழுக்கிக்கொண்டு வளையத்துக்குள் போனது. ஆசிரியர் என்சே ரோஸ்லான் ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. "லூலுஸ், காக்" என்று, தேறியதாக மதிப்பெண் தாளில் சரி போட்டார். அக்கா என்றுதான் என்னைக் கூப்பிடுவார். கூடப் படிக்கும் உன் வயதுப் பிள்ளைகளெல்லாம் கைதட்டினார்கள்.

இன்னும் கேள். செனாயில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பயிற்சிக்கு ஆள் எடுக்க வந்தார்கள். என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். பெட்டியில் அடுக்கும் வேலையா என்று கேட்டேன், இத்தனை வருடம் அதைத்தானே செய்தேன். வந்திருந்த சீனப் பெண் சிரித்துவிட்டு, இல்லை, மெஷினில் என்றாள்.

அப்பா, நான் இந்தத் தொழிற்பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவர். சேதியைச் சொன்னதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பும்போது கையில் புது சேஃப்டி பூட்ஸ். "பழசு பிஞ்சுபோச்சுல்ல, அதப் போட்டுக்கிட்டா ஃபேக்டரிக்குப் போவ?" என்றார். ஒரு அளவு பெரியதுதான். இரண்டு காலுறை போட்டுச் சமாளிக்கிறேன். மாற்றச் சொல்ல மனம் வரவில்லை.

தீபாவளிக்கு வந்தபோது நீ சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அம்மா பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறாள் என்று தோழிகளிடம் சொல்ல உனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். வகுப்பில் உட்கார்ந்த முதல் நாள் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பட்டமளிப்பு விழா உன் பரீட்சை முடிந்த பிறகுதான் வருகிறது. குடும்பத்துக்கு இரண்டு நாற்காலி தருகிறார்களாம். ஒன்று அப்பாவுக்கு. பக்கத்து வீட்டு தனலெட்சுமி தானும் வருகிறேன் என்றாள். இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி நிறைவேற வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா,
புஷ்பவள்ளி