பத்தாவது கையெழுத்து

ஜூன் 9

மூன்றாவது கூண்டில் மறுபடியும் களவா மீன்கள் செத்து மிதந்தன. எதிர்க்கரையில் கடலைத் தோண்டிய சேற்றைப் படகு படகாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கடல் பால் விட்ட டீ மாதிரி இருக்கிறது. இந்தச் சேற்றால் மீனுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று சட்டமன்றத்தில் சொல்லியிருக்கிறார் யிங். மீன்வளர்ப்புத் தொழிலுக்கென்றே ஒதுக்கிய எங்கள் தொகுதியின் உறுப்பினர்! மீனை ஆவியில் வெந்து தட்டில் வரும்போது மட்டுமே பார்த்திருப்பார் போல.

ஜூன் 15

யிங்கை எதிர்த்து நிற்கப் போகிறேன். முடிவாகிவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. கூண்டுகளைக் கட்டிய இந்த மிதவை வீட்டில் நான் ஒருத்திதான். கஞ்சிப் பானையிடம் சொன்னேன்.

ஜூன் 20

தேர்தல் அலுவலகத்தில் விசாரித்தேன். எங்கள் தொகுதியில் ஓட்டு ஆளுக்கு இல்லை, சங்கத்துக்கு. மொத்தமே நூற்றுச் சொச்சம் சங்கங்கள். ஒவ்வொன்றும் ஒருவரை எழுதிக் கொடுக்கும். அவர் போய்ப் போடுவார். எங்கள் சங்கத்துக்கு நான், வடக்கு விரிகுடாச் சங்கத்துக்கு என் கூடப்பிறந்த அண்ணன் கம்சூய். நிற்க வேண்டுமானால் பத்துச் சங்கங்கள் முன்மொழிந்து கையெழுத்திட வேண்டும். பத்துதானே, என்ன பெரிய விஷயம்?

ஜூலை 2

பெரிய விஷயம்தான். இறால்வலைச் சங்கத்து ஸாங் மாமா வேர்க்கடலை போட்டுக் கஞ்சி கொடுத்தார், யிங்கைக் கழுவிக் கழுவி ஊற்றினார். தாளை நீட்டியதும் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது.

“ஓட்டு உனக்குத்தாம்மா, சத்தியமா. கையெழுத்து மட்டும் வேற யார்கிட்டயாவது வாங்கிக்க. ஓட்டு பெட்டிக்குள்ள போயிடும், எவனுக்கும் தெரியாது. கையெழுத்தை ஊரே பாக்கும்ல?”

ஜூலை 9

போன இடமெல்லாம் இதே பாட்டு. வயிறு நிறைகிறது, தாள் நிறையவில்லை. சிப்பி வளர்க்கும் சங்கத்துக்காரர்கள் மட்டும் தயங்காமல் போட்டுக் கொடுத்தார்கள். சேற்றில் சிப்பியெல்லாம் போய்விட்டது; அவர்களுக்கு இழக்க இனி ஒன்றுமில்லை.

ஜூலை 19

ஒன்பது. ஒன்றே ஒன்று குறைகிறது.

எனக்கென்று ஒரு அண்ணன் இருக்கும்போது நான் ஏன் தவிக்க வேண்டும்? அவனைக் கடைசிக்கு விட்டதே தப்போ? முதலில் போயிருக்க வேண்டுமோ? இல்லை, பயந்துதான் தள்ளிப்போட்டேன்.

ஜூலை 20

போனேன். அண்ணி டீ வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் வலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. யிங் அவன் மகனுக்குச் சடங்கு முறையில் தகப்பன். கோயிலில் பையன் மண்டியிட்டு டீ ஊற்றிக் கொடுத்து, யிங்கை அப்பா என்று அழைத்தான். இந்த விரிகுடாவில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த ஆள்தான் அப்பா. சிவப்பு உறையில் பணம் கொடுத்து உறவை வாங்கி வைத்திருக்கிறார்.

“டீ கொடுத்த வீட்டுக்கு எதிரா எழுத்துல எப்படிம்மா போடுவேன்? பெட்டி வரட்டும். கூடப் பொறந்தவளை விட்டுட்டு வேற யாருக்குப் போடப்போறேன்?”

நீ கையெழுத்துப் போடாமல் பெட்டி வராது அண்ணா என்றேன். யாராவது ஒருத்தர் போடுவாங்க என்றான்.

ஜூலை 24

மனுக் கொடுக்கக் கடைசி நாள். தேர்தல் அலுவலக பெஞ்சில் மாலை ஐந்து வரை உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் அவன்தான் என்று நினைத்தேன். அதிகாரிப் பெண் நல்லவள்; ஒன்பதை வாங்கிக்கொள்ள விதியில்லை என்பதை மூன்று விதமாகச் சொன்னாள். பயணிகள் படகில் திரும்பும்போது அழுதேன். யாராவது பார்த்தால்தான் என்ன, பார்க்கட்டுமே.

ஜூலை 25

யிங் போட்டியின்றித் தேர்வு. கரையில், சாய் குங் டவுனில் விருந்தாம். ஸாங் மாமா போனாராம். அண்ணனும்.

ஆகஸ்ட் 11

இப்போது ஒவ்வொருவராக வந்து, “பெட்டி மட்டும் வந்திருந்தா என் ஓட்டு உனக்குத்தான் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், துக்கம் கேட்பதைப் போல. எல்லார் ஓட்டையும் கூட்டிப் பார்த்தேன். நான் அமோகமாக ஜெயித்திருக்கிறேன்.

செப்டம்பர் 12

ஓட்டு நாள். ஊர்க்காரர்கள் எல்லாரும் போடும் பொதுத் தொகுதிக்குப் போட்டேன். எங்கள் தொகுதிக்குப் பெட்டியே வைக்கவில்லை. வரிசையில் நின்றிருந்த ஸாங் மாமா என்னைப் பார்த்ததும் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார். நான் உள்ளே போகும்வரை நிமிரவில்லை.

அக்டோபர் 30

மீனெல்லாம் செத்துக் கூண்டுகள் காலி. மீன் தீனி விற்பவன் வந்து சும்மா நின்றுவிட்டுப் போனான். பேச ஆள் இல்லாதது பழகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். மீனும் இல்லாதபோது காலையில் எதற்கு எழுந்திருப்பது?

டிசம்பர் 22

குளிர்காலத் திருநாள். குடும்பமாகச் சாப்பிடும் நாள் என்பதால் சந்தைக்கு மேலே இருக்கும் என் புது அறைக்கு அண்ணன் தனியாக வந்தான். சேறு அவன் பக்கம் போய்விட்டது. இந்த மாதம் பாதி மீன் போய்விட்டதாம். யிங்குக்கு நாலு தடவை போன் பண்ணினானாம். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்களாம்.

இனிப்பு உருண்டை போட்டுக் கொடுத்தேன். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“அடுத்த தடவை நீ நில்லு தங்கச்சி. மொதக் கையெழுத்து என்னோடது. எவன் பாத்தா எனக்கென்ன?”

மிதவை உரிமத்தைப் போன மாதமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உரிமம் போனதால் சங்கத்திலும் இப்போது என் பெயர் இல்லை. தேர்தலில் நிற்கவும் முடியாது, ஓட்டுப் போடவும் முடியாது. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அதைச் சொல்லவில்லை.