ஒன்பது டீயும் ஒரு சவரக்கத்தியும்

மார்ச் 4, புதன்

இன்று தலைமையாசிரியரின் மீசையைத் தீர்த்துவிட்டேன். இருபத்தாறு வருஷமாக அவர் வளர்த்ததை மூன்று நிமிஷத்தில். வலது ஓரத்தைச் செதுக்கும்போது கை ஒரு ஆட்டம் ஆடியது. அரை அங்குலம் போயிற்று. சமமாக்க இடதில் கொஞ்சம். பிறகு வலதில் கொஞ்சம். கடைசியில் மூக்குக்குக் கீழே ஒரு புள்ளி மிச்சம். அதை விட்டுவைப்பதைவிட எடுப்பதே மரியாதை என்று எடுத்தேன். அவர் கத்தவில்லை. "என் சம்சாரம் வீட்டுக்குள்ள விடுவாளாப்பா?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருக்கலாம்.

மச்சான் (மனைவியின் தம்பி, சலூனில் பாதிப் பங்கு) எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து சொன்னான்: "அத்தான், மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். கை நிக்கலைன்னா கத்திய நான் பாத்துக்கறேன். நீங்க முடிவெட்டுற மிஷின் போடுங்க."

மிஷின்! அதற்கு நான் எதற்கு? நாற்காலியே போட்டுக்கொள்ளும்.

மார்ச் 5, வியாழன்

கையைக் காட்டப் போனால், ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று டாக்டரம்மா கேட்டார். "மூணு, நாலு" என்றேன். மனைவி தொண்டையைச் செருமினாள்.

சரி, ஒன்பது. நான் என்ன செய்ய? எங்கள் நாற்காலியில் உட்காருகிறவர் தனக்கு ஒரு டீ சொன்னால் எனக்கும் ஒன்று சொல்வார். வேண்டாம் என்றால், "ஏன், நான் வாங்கிக் குடுத்தா எறங்காதோ?" என்று கழுத்தை விறைத்துக்கொள்வார். விறைத்த கழுத்தில் கத்தி வைக்க முடியுமா?

சாதா டீ கிட்டேயே போகக் கூடாதாம். அதற்குப் பதில் எதைக் குடித்தாலும் உடம்பு என்ன செய்கிறது என்று எழுதி வர வேண்டுமாம். எழுதுகிறேன்.

மார்ச் 6, வெள்ளி

தலைவலி. உடம்பு முழுக்கத் தலையாகவே இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

மனைவி வாங்கி வந்த கிரீன் டீ, வெறும் வயிற்றில். வக்கீலின் முகத்தில் நுரை பூசிக்கொண்டிருந்தேன். அவருடைய அண்ணன் மகள் யாரோடு போனாள் என்று அவர் சொல்ல வாயைத் திறந்த நேரம் பார்த்து எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பின்பக்கம் ஓடினேன். திரும்பி வருவதற்குள் நுரையும் காய்ந்துவிட்டது, கதையும் முடிந்துவிட்டது. யாரோடு போனாள் என்று மச்சானுக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்கிறான்.

மார்ச் 12, வியாழன்

நரம்பை அடக்கும் என்று மருந்துக்கடைக்காரர் ஒரு பூ டீ கொடுத்தார். சாமந்திப்பூவுக்குச் சொந்தக்காரப் பூவாம். உதடு அரித்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஏழு தும்மல். நாற்காலியில் இருந்தவர், "அண்ணே, என் மாமியார் கதைக்கு நானே இவ்வளவு அழலையே" என்றார். டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். பூ ஒத்துக்கொள்ளாத உடம்பு, இனி தொடாதீர்கள் என்றார்.

இனி வெந்நீர்தான். வெந்நீருக்கு ஒரு குணமும் இல்லை. ருசியும்.

மார்ச் 16, திங்கள்

கடை திறக்குமுன் போய்ப் பலூனுக்குச் சவரம் செய்து பார்க்கிறேன். தொழில் பழகிய நாளில் செய்ததுதான். நுரையை வழித்த பின்னும் பலூன் முழுதாக இருந்தால் கை நிற்கிறது என்று அர்த்தம். போன வாரம் மூன்றும் வெடித்தன. சீக்கிரம் வந்துவிட்ட மச்சான் எட்டிப் பார்த்து, "யாருக்கு அத்தான் பொறந்த நாள்?" என்றான்.

இன்று ஒன்று முழுசாக நின்றது! அதைக் கண்ணாடிக்கு மேலே கட்டிவைத்தேன். டீதான் குற்றவாளி. இத்தனை வருஷமாக என் கூடவே உட்கார்ந்திருந்த துரோகி.

மார்ச் 19, வியாழன்

இரண்டு வெடித்தன. பலூன் மட்டம். வேறு கடையில் வாங்க வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

வேறு கடைப் பலூனும் மட்டம்.

அசதி. டீ குடிக்காதவனிடம் யாரும் மனசுவிட்டுப் பேசுவதில்லை. இன்று வந்தவர்கள் எல்லாரும் வெயிலைப் பற்றித்தான் பேசினார்கள்.

மார்ச் 25, புதன்

டாக்டரம்மா இந்த நோட்டைப் படித்துச் சிரித்தார். பலூன் வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, மேலே ஒரு தாளை வைத்தார். தாள் படபடத்தது. ஃபேனை நிறுத்தச் சொன்னேன்.

ஃபேன் ஓடவே இல்லை.

"டீ நடுக்கத்தைக் கூட்டும், அவ்வளவுதான். இது வேற. உங்க குடும்பத்துல யாருக்காவது இருக்கா?" இல்லை என்றேன்.

கடைக்குப் போனதும், மச்சான் கேட்குமுன் கத்தியைத் துடைத்து மடித்து அவன் பக்கத்து மேசையில் வைத்தேன். அவன் வாசலுக்குப் போய் இரண்டு டீ சொன்னான். குடித்தேன்.

சாயங்காலம் வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கு போன். "அண்ணே, உனக்குக் கை நடுங்குமா?"

"பத்து வருஷமாச்சு. டம்ளரை ரெண்டு கையால பிடிக்கிறேனே, மரியாதைக்குன்னா நெனச்சே?"

மரியாதைக்கு என்றுதான் நினைத்திருந்தோம், குடும்பமே.

அண்ணனுக்கு டீ வாடையே ஆகாது. பிறந்ததிலிருந்து ஒரு வாய் குடித்ததில்லை.