கொளுத்தாத மெழுகுவர்த்தி

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்,
நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

மெல்பர்னில் மனைவி மக்களோடு சௌக்கியமாக வாழும் தம்பி அமலதாஸுக்கு, அக்கா பிலோமினா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் நலம். உன் நலத்தைப் பற்றித்தான் இங்கே எல்லோருக்கும் சந்தேகம். ஏன் என்று பிறகு சொல்கிறேன், பொறுமையாகப் படி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. அதனால்தான் தபால். கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. அடக்கப் பூசையை நீ லேப்டாப்பில் பார்த்தாய். நடுவில் உன் முகம் வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. எதிர்வீட்டு ஷமீமா, பாவம், நீ கதறுகிறாய் என்று நினைத்துத் தானும் அழுதாள். நீ அழுதாயா, கொட்டாவி விட்டாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதைக்கூட விட்டுவிடுவேன். மார்ச் மாதம் நடந்ததை விடமாட்டேன்.

லண்டன் போகும் வழியில் சாங்கி விமான நிலையத்தில் அரை நாள் இறங்குகிறேன், நேராக நல்லாயன் பேராலயத்துக்கு வந்து அம்மாவைப் புனிதரின் எலும்பு வைத்த அருளிக்கத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று சொன்னது நீ. யாரும் உன் காலில் விழுந்து கேட்கவில்லை. அது என்ன நேர்ச்சை என்றே மறந்திருப்பாய். கைக்குழந்தையில் உனக்கு மூச்சு முட்டி, டாக்டர்களே கையை விரித்தபோது, அம்மா அந்தக் கோவிலில் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, அவன் கையாலேயே மெழுகுவர்த்தி ஏற்றுவேன் என்று. பிழைத்தாய். அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாய்.

அன்று அம்மா அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டாள். சக்கர நாற்காலியோடு அவளை டாக்சியில் ஏற்றி இறக்குவதற்குள் என் இடுப்பு போய்விட்டது. கோவில் வாசலிலேயே நிறுத்தச் சொன்னாள். உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது, வா என்றேன். "அவன் வருவான்லா. அவன் வந்து தள்ளட்டும்," என்றாள்.

மத்தியானப் பூசை முடிந்தது. சுற்றுலாக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மா மெழுகுவர்த்தியை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்திருந்தாள். கடைசியில் உன் மெசேஜ் வந்தது: வெளிய விடமாட்டேங்கிறாங்க, சாரிக்கா. அதைக் கேட்டு அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "பாவம், பிள்ளை சாப்பிட்டானோ என்னமோ," என்றாள். உள்ளே வரவே மாட்டேன் என்றுவிட்டாள். அப்படியே வீட்டுக்குத் திரும்பினோம்.

மறுநாள் உன் மனைவி மேனுகா ஃபேஸ்புக்கில் படம் போட்டாள். சாங்கியில் அந்தப் பெரிய அருவிக்கு முன்னால் நீ நிற்கிறாய், கையில் ஐஸ்கிரீம். அடப்பாவி! அந்த அருவி குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி வெளியே இருக்கிறது. சிங்கப்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாஸ்போர்ட்டைக் காட்டி ஊருக்குள் நுழைந்து, தண்ணீர் விழுவதை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாய். அம்மாவிடம் நான் அந்தப் படத்தைக் காட்டவில்லை. உனக்காக இல்லை, அவளுக்காக.

போன வாரம் நான் தனியாகப் பேராலயம் போனேன். வேண்டிக்கொள்ள அல்ல, உன்மேல் பிராது கொடுக்க. அருளிக்கத்துக்கு உரிய அந்த வேதசாட்சி பிரான்சுக்காரர், கொரியாவில் தலை கொடுத்த ஆயர். அதற்கெல்லாம் முன்பு ஒருமுறை வழிப்பயணத்தில் நம் தீவில் இறங்கியவர். "எங்கேயோ பிறந்த நீரே வழியில் இறங்கி இங்கே இருந்த ஜனங்களைப் பார்த்துவிட்டுப் போனீர். பெற்றவளைப் பார்க்காமல் போனவனை என்ன செய்யப் போகிறீர்?" என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார். வழி எனக்கே தோன்றியது.

நவம்பர் இறந்தோர் மாதம் அல்லவா? நம் தமிழ்ப் பூசையில் இறந்தவர்களுக்கான வேண்டுதலில் வாசிக்கச் சொல்லி அம்மாவின் பெயரைக் கொடுத்தேன். கூடவே உன் பெயரையும் கொடுத்தேன்.

இன்று காலை வாசித்தார்கள். மரிய தங்கம். சவரிமுத்து அமலதாஸ். நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் சுவாமி என்று கோவில் முழுவதும் ஒரே குரலில் சொன்னது. முன் பெஞ்சிலிருந்து சரோஜினி அத்தை வெடுக்கென்று திரும்பி, "ஐயய்யோ, நம்ம தாஸா? எப்பம்மா போனான்?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான், வெளியே வருவதற்குள் ஆளாளுக்கு என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனால், பூக்கடை சுப்பிரமணியம் அண்ணன் எனக்கு முன்னாலேயே செய்தி தெரிந்து, படத்துக்கு மாலை கட்டவா என்று கேட்கிறார். கட்டுங்கள் என்றேன். மேனுகாவின் நம்பரைக் கேட்டவர்களுக்கு நான் கொடுக்கவில்லை. உனக்கு யாராவது போன் செய்வார்கள் என்றும் பார்க்காதே. செத்தவனுக்கு யார் போன் செய்வார்கள்?

இல்லை, அவன் இருக்கிறான் என்று நான் ஒருவரிடமும் சொல்லப் போவதில்லை. இருந்தால் நீயே வந்து காட்டு. தேக்காவில் கடை கடையாக ஏறி, நான் சாகவில்லை என்று சொல். அவர்கள் ஏன் என்று கேட்பார்கள். அதையும் நீயே சொல். அப்புறம் பேராலயத்துக்கு வா. அம்மாவின் நாற்காலி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. அதைக் காலியாகவே தள்ளிக்கொண்டு உள்ளே போ, நான் பின்னால் நின்று பார்க்க வேண்டும். மெழுகுவர்த்தியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அம்மாவின் அடக்கத்தன்றுகூட நான் அதைக் கொளுத்தவில்லை. அது உன் கையால் ஏற்ற வேண்டியது.

உன் பெயருக்கு எல்லோரும் இளைப்பாற்றி கேட்டபோது எனக்கு மட்டும் வாய் எழவில்லை. அக்கா மனம் இரங்கிவிட்டாள் என்று குதிக்காதே. நேர்ச்சை தீராதவனுக்கு என்ன இளைப்பாற்றி வேண்டிக் கிடக்கிறது?

விமானத்தில் ஏறும்போது மூச்சுக்கு அடிக்கும் பம்பைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ வந்து என் முன்னால் நிற்கும்வரை செத்துக்கித்துத் தொலைத்துவிடாதே.

உன் அக்கா,
பிலோமினா