மடிமிச்சம் என்னும் சொல்லை ஐயுற்ற ஓலை

திருவளர்க. வெண்குன்ற வேந்தரின் ஆணை தாங்கி, பகையுண்டெனில் ஆற்றைக் கடப்பதற்காக யானைப் படையோடு கரையில் காத்திருக்கும் தண்டநாயகர் கொற்றங்குடி நம்பியாரின் தோள்கள் உயர்க. கருநீர் நாட்டுக் கோட்டையிலிருந்து தூதுவன் பெருவயிற்றுச் சாத்தன் விடுக்கும் ஓலை.

இந்நாட்டு அவைக்குச் சென்ற முதல் நாளே, வாயிற்படியில் செருப்பு வார் அறுந்து, வெண்குடை பிடித்து நின்றவர்மேல் விழுந்து, குடையையும் நம் நாட்டு மானத்தையும் ஒருங்கே முறித்தேன். தாங்கள் இதற்குள் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். குடை போகட்டும், அறுந்த வார் எங்கே போயிற்று? அடுத்து, முனை ஒடிந்த என் எழுத்தாணி காணாமற்போனது. பின்பு, இந்நாட்டுக் கஞ்சியைப் புகழ்ந்து பாடத் தொடங்கி, எனக்கே பொறுக்காமல் கிழித்தெறிந்த ஓலை நறுக்கும் மறைந்தது. பொன்மோதிரத்தை மட்டும் எவரும் தொடவில்லை.

பொன்னை விட்டுக் குப்பையைத் திருடுகிறவன் ஒற்றனாக வேண்டும், அல்லது சூனியக்காரனாக வேண்டும். மடைப்பள்ளியிலும் குதிரைலாயத்திலும் என்னைக் கண்டதும் ‘மடிமிச்சம்’ என்றொரு சொல் தாழ்ந்த குரலில் உலவியது. பொருள் கேட்டால் சிரித்து நழுவினார்கள். அது சதிகாரரின் குறிச்சொல்லே எனத் துணிந்து, முழுநிலவன்று ஆற்றைக் கடந்து தாக்குக எனத் தங்களுக்கு எழுதிய அறிவாளியும் நானே.

இன்று விடைபெறச் சென்றபோது, வாயிற்காவலர் தலைவர் போத்தனாரின் இடுப்பு மடியிலிருந்து என் செருப்பு வார் எட்டிப் பார்த்தது. அதைப் பற்றி இழுத்து, யாருக்காக வேவு பார்க்கிறீர் எனச் சினந்து வினவினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுக் கூறியது வருமாறு:

“வேவாவது, மண்ணாவது! எம் முன்னோர் வெள்ளத்துக்குத் தப்பி ஓடியபோது, ஆளுக்கு ஒரு மடி விதைநெல் மட்டுமே எடுக்கலாம் என்பது கட்டளை. நெல்லை நிரப்பியபின் மடியில் மிஞ்சிய விரலிடத்தில், விட்டுவர மனமில்லாத ஒன்றை அவரவர் செருகிக்கொண்டனர். உடைந்த கிலுகிலுப்பை, நாவில்லாத மாட்டுமணி. அதுவே மடிமிச்சம். இன்றும் பிரிய மனமில்லாதவர் பொருளில் ஒன்றை அப்படிச் செருகிக்கொள்வோம். பயனுள்ளதை எடுத்தால் களவு. ஆகவே குப்பையைத்தான் எடுப்போம். சொல்லிவிட்டு எடுத்தால் நீர் பொன்னைக் கழற்றித் தருவீர்.”

என்னுடையது எதற்கு என்று கேட்டேன். அவர் நான் விழுந்த வாயிற்படியைச் சுட்டிக் காட்டினார்.

“நீர் போகிறீர். உம்மை எங்களுக்குப் பிடித்துப்போயிற்று, ஐயா. வேறென்ன?” என்றார்.

ஆதலால், இவ்வோலை கண்ட கணமே யானைகளைத் திருப்புக. முந்தைய ஓலையை அடுப்பிலிடுக. இது வேந்தர் ஆணையென்று கொள்க. வேந்தர் என்னிடம் தந்த இலச்சினையை இட்டேன். ஒற்றைச் செருப்போடு வருகிறேன். வாரை அவர் மடியிலேயே விட்டுவிட்டேன்.