பால்மாப் பேணிக்குள் மெதியோனின்

இன்று காலை சீனி தேடிக் குசினி அலுமாரியைத் திறந்தேன். பின்வரிசையில் ஒரு பால்மாப் பேணி. மூடியைச் சுற்றி உன் பழைய சேலைக் கரையால் ஒரு முடிச்சு. அவிழ்த்ததும் கூழ்முட்டை மணம் மூக்கில் ஏறியது. சீனி இல்லை, மெதியோனின். முட்டை போடும் காடைக்குத் தீனில் முதலில் பற்றாமல் போகிற அமினோ அமிலம். சண்டையால் பாதை மூடுமுன் நாங்கள் கொண்டுவந்ததில் ஒரு பங்கை எனக்குச் சொல்லாமல் எடுத்து வைத்திருக்கிறாய்.

அதன்பிறகு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருக்கிறேன், எழும்புகிறேன், காடைக் கூட்டடிக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன்.

அந்தத் தூளைக் கொண்டுவந்த நாள் கப்பல்துறைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் பையை மணந்துவிட்டுப் பின்வாங்கினான். விவசாய டிப்ளோமா படித்த நான் அரைகுறைச் சிங்களத்தில் புரதம், அமிலம் என்று விளக்க விளக்க, அவன் முகம் இறுகிக்கொண்டே போனது. நீ விரலால் தூளைத் தொட்டு நாக்கில் வைத்தாய். முகத்தைச் சுளித்துக்கொண்டு கோழிபோலக் கொக்கரித்துக் காட்டினாய். வரிசையே சிரித்தது. அவனும்தான். வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தபடி, "இஞ்சேருங்கோ, இண்டைக்கு எனக்குக் கிட்ட வந்திடாதேங்கோ, நாறுது" என்றாய்.

பிறகு நான் சாக்கை விரித்துத் தீன் கலக்கும்போது குசினி வாசலில் நின்று பார்ப்பாய். "உங்கட கையால எனக்கொரு தேத்தண்ணி கிடைச்சதில்லை. காடையளுக்கு மட்டும் நிறுத்து நிறுத்துச் சமைக்கிறியள்."

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோதும் பாதை மூடித்தான் கிடந்தது. கடலுக்கும் தடை, சாம்பல்தீவிலிருந்து கருவாட்டுத் தூள் வருவது நின்றது. தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் மட்டும் தின்ற காடைகளின் முட்டை முதலில் சிறுத்தது, பிறகு நின்றே போனது. ஏனென்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

உன் அண்ணன் போன கிழமை வந்து கூட்டை எட்டிப் பார்த்தார். முட்டை போடாததுக்குத் தீன் போட்டு என்ன பலன், இறைச்சிக்குக் கொடுப்போம் என்றார். ஓம் என்றேன். அப்போது எதற்கும் ஓம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று பின்னேரம் கூடையோடு வருவதாகச் சொல்லியிருந்தார். பேணியைக் கையில் வைத்தபடி முற்றத்தில் நடந்தேன். தீனில் கலந்தால், நீ முடிந்து வைத்த கடைசிப் பொருளும் தீர்ந்துவிடும். கலக்காவிட்டால், நீ வளர்த்த காடைகள் கூடையில் போய்விடும். லைசீன் என்ற மற்ற அமிலமும் தீனில் காணாது என்பதால், அது உள்ள பயறில் மிச்சமிருந்ததை வறுத்து இடித்தேன். சாக்கை விரித்தேன். நிறுத்தேன். பேணியைக் கவிழ்த்தேன்.

உன் அண்ணன் வந்தபோது என் கையெல்லாம் வெள்ளை.

"ஓமெண்டு சொன்னனான்தான். இப்ப ஏலாது, மச்சான்."

அவர் கூட்டைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சாப்பிட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு வெறுங்கூடையோடு போனார்.

பேணியின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். நீ சொன்னது சரிதான், நாறுகிறது.

விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. நான் இன்னும் வாய் கொப்பளிக்கவில்லை.