எல்லாக் குழந்தைக்கும் பத்துக் கிலோ

11-7-88, திங்கள்

நூற்று நாற்பது சோதனையும் ஓடி முடிந்தது. திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. வராவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம், நான் எழுதியதே அப்படித்தான். தப்பு இருந்தால் மட்டும் ஃபைல் பெயரையும் வரி எண்ணையும் காட்டிவிட்டுப் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும்.

அப்படி நிறுத்துகிற மேக்ரோவுக்கு, அதாவது சுருக்கிப் பெயரிட்டு வைத்த கட்டளைக்கு, SARI என்று பெயர் வைத்ததும் நான்தான். அடைப்புக்குறிக்குள், எது உண்மையாக இருந்தே ஆக வேண்டுமோ அதைப் போட வேண்டும். உண்மை இல்லையென்றால் நிற்கும், அவ்வளவுதான் விஷயம். ஆபீசில் யார் சி மொழியில் புரோகிராம் எழுதினாலும் பத்து வரிக்கு ஒரு SARI இல்லாவிட்டால் மூஞ்சியில் அடிக்காத குறையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

"வேதாம்மா, உங்க புரோகிராம்ல மருந்தைவிட சரிதான் ஜாஸ்தி" என்கிறார் ஹனீஃபா பாய். நாற்பத்தெட்டு வயது. முன்பு கார்டில் துளை போடுகிற வேலையில் இருந்தவர். இப்போது எங்களிடம் ஃபிளாப்பி காப்பி எடுத்து, லேபிள் ஒட்டி, கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவது அவர்தான். கிண்டல் செய்யட்டும். இது குழந்தைகளுக்கு மருந்து அளவு சொல்லப்போகிற புரோகிராம். கே.கே. நகர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு. எடையைத் தட்டினால் எத்தனை மில்லி என்று சீட்டில் அச்சாகி வரும். இதில் போய் நான் தாராளம் காட்ட முடியுமா?

15-7-88, வெள்ளி

முதலாளி கிளமென்ட் சார் கூப்பிட்டார். "வேதவதி, டெலிவரிக்குப் போறப்போ அந்தச் சோதனையெல்லாம் எடுத்துடுங்க. டாக்டருங்க முன்னாடி புரோகிராம் பொசுக்குன்னு நின்னுபோச்சுன்னா நம்ம மானம் போயிடும்."

"அதுக்கென்ன சார், ஒரே ஒரு வார்த்தை" என்றேன். கம்பைல் செய்யும்போது, அதாவது எழுதியதை மெஷின் ஓட்டும்படி மாற்றும்போது, அந்த ஒரு வார்த்தையைக் கொடுக்காமல் விட்டால், SARI வரிகள் எல்லாம் எழுதவேயில்லை என்பதுபோல மறைந்துவிடும். அவர் கண் முன்னாலேயே செய்து காட்டினேன். "அட!" என்றார். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

18-7-88, திங்கள்

பாய் ஃபிளாப்பியைக் கொடுத்துவிட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் இன்று முதல் ஓடுகிறது.

26-7-88, செவ்வாய்

எழுதித்தான் தீர வேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். பாக்கியமேரி என்று ஒரு சிஸ்டர். "மேடம், மூணு கிலோ இருநூறு கிராம், பச்சக் கொழந்தை. உங்க சீட்டுல வந்திருக்கிறது பத்துக் கிலோ கொழந்தைக்குக் குடுக்கிற அளவு. சிரிஞ்சில மருந்தை ஏத்திட்டேன். என்னமோ மனசு கேக்கலை. கையால ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்."

குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"தூங்குது" என்றார்.

மூன்று மடங்கு! ரங்கா, மூன்று மடங்கு!

எட்டு நாள் சீட்டையும் எடுத்துப் பார்த்தார்களாம். எடை சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது. மருந்து மட்டும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு, பத்துக் கிலோவுக்கு உண்டானது. வந்ததில் பாதி ஒரு வயதுக் குழந்தைகள், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. இருபது கிலோ பையன் ஒருவனுக்குப் பாதி மருந்துதான் போயிருக்கிறது. காய்ச்சல் இறங்காமல் இரண்டு நாள் கூடுதலாகக் கிடந்தானாம்.

நூற்று நாற்பது சோதனை. எடையை மாற்றி மாற்றி நானே போட்டுப் பார்த்தேனே! எப்படி? எப்படி?

27-7-88, புதன்

பத்து நிமிஷத்தில் கிளமென்ட் சார் முடிவுகட்டிவிட்டார். ஜூனில் அவர்களுக்குச் சும்மா காட்டுவதற்காக, எடை பத்து என்றே வைத்து எழுதிய பழைய ஃபிளாப்பி ஒன்று ஆபீசில் இருக்கிறது. பாய் அதைக் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றார்.

"அதுவாத்தான் இருக்கும் சார்" என்று சொன்னது யார்? நான்தான்.

பாய் என்னைத்தான் பார்த்தார். "லேபிளைப் பார்த்துத்தானே வேதாம்மா எடுத்தேன்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அப்புறம் அவராகவே, "கண்ணாடி மாத்துங்க மாத்துங்கன்னு வீட்ல ஆறு மாசமா சொல்லிட்டிருக்கா. நாந்தான் தப்பாப் பார்த்துட்டேனோ என்னமோ" என்றார்.

நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. டிபன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பாவம்தான். ஆனால் ஒரு குழந்தையின் உயிர் விஷயம். கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

29-7-88, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து அந்த ஃபிளாப்பி திரும்பி வந்தது. பழசுதான் என்று காட்டி ஃபைலில் வைத்துவிடலாம் என்று, என் மெஷினில் இருக்கிற புதுசோடு ஒப்பிட்டேன்.

வித்தியாசம் இல்லை.

மறுபடியும் ஒப்பிட்டேன். மூன்றாவது தடவையும். ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை.

அப்படியானால் பாய் சரியான ஃபிளாப்பியைத்தான் கொடுத்திருக்கிறார். நான் கொடுத்ததை.

30-7-88, சனி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. எடை ஃபைல், வரி 61:

SARI(edai(buf, &wt) == 1);

திரையில் தட்டியது எழுத்தாக buf-இல் இருக்கும்; அதை எண்ணாக மாற்றி wt-யில் போடுவதும், அந்த வார்டுக்கு அந்த எடை ஒத்துவருமா என்று பார்ப்பதும் edai-யின் வேலை. அந்த வேலையையே அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டேன். சோதனை செய்யும்போது SARI உயிரோடு இருந்தது, வேலை நடந்தது. டெலிவரிக்கு அந்த ஒரு வார்த்தையை எடுத்தேனே, அப்போது SARI போனது, அதோடு உள்ளே இருந்த வேலையும் போனது. அதற்கப்புறம் எடையை யாரும் எண்ணாகப் படிக்கவே இல்லை; சீட்டில் அச்சானது தட்டிய எழுத்து அப்படியே. wt-க்கு ஆரம்பத்தில், ஏதோ ஒரு எண் கிடக்கட்டும் என்று நான் போட்டு வைத்தது பத்து.

தப்பு வராமல் காக்க நான் எழுதிய வரியேதான். ஐயோ, என் வரியேதான்! நான் சோதித்தது ஒரு புரோகிராம், கொடுத்தது வேறொரு புரோகிராம்.

31-7-88, ஞாயிறு

நேற்று யாரிடமும் சொல்லவில்லை. இன்றும் வாய் வரவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று இவர் துளைத்தெடுத்ததில் இவரிடம் மட்டும் சொன்னேன். "ஒரு வரிதானேடி, மாத்திட்டாப் போச்சு" என்றார். சுள்ளென்று வந்தது. "வரியை மாத்திடலாம்னா, பாய்க்கு என்ன பதில் சொல்றது?" என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். இவரிடம் கத்தி என்ன ஆகப்போகிறது?

பயம். அதுதான் உண்மை. பதினோரு வருஷமாகச் சேர்த்த பெயர் எனக்கு.

1-8-88, திங்கள்

கிளமென்ட் சாரிடம் சொல்லிவிட்டேன். அச்சுத்தாளில் வரியைக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு இடி.

"ஆஸ்பத்திரிக்கு லெட்டர் போயிடுச்சு வேதவதி. தப்பு செஞ்ச ஊழியரை எடுத்தாச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். சத்தமில்லாம வரியைச் சரி பண்ணிடுங்க. தானா அடங்கிடும்."

"அப்ப பாய்?"

"வேற எங்கயாவது சொல்லி விடறேன்."

இதே நாற்காலிக்கு எதிரில் நின்றுதான் பதினேழு நாள் முன்னால் ஒரே ஒரு வார்த்தை சார் என்று சாமர்த்தியம் பேசினேன்.

2-8-88, செவ்வாய்

லீவு சொல்லிவிட்டுப் பாலக்கரைக்குப் போனேன். ஆடிப்பெருக்குக் கூட்டம். காவேரிப் பாலத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதாமல் விடக் கூடாது.

பாய் வீட்டுக் கட்டிலில் அச்சுத்தாளை விரித்து, பென்சிலால் அடைப்புக்குறியைச் சுற்றிக் காட்டினேன். "சோதனையை எடுத்தா, இதுக்குள்ள இருக்கிற வேலையும் சேர்ந்து போயிடறது பாய். நீங்க எடுத்தது சரியான ஃபிளாப்பிதான். தப்பு என்னுது. உங்க பேரைச் சொன்னதும் நாந்தான்."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்: "ஆறு நாளா சோறு திங்கலைங்க இவரு. பச்சக் கொழந்தைய கொல்லப் பார்த்தேனேன்னு அதையே சொல்லிட்டிருக்காரு."

அங்கேயே அழுதுவிட்டேன். அவர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே நியாயம். எழுந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், பெரிய டாக்டரிடமும் பாக்கியமேரி சிஸ்டரிடமும் அதே தாளைக் காட்டி, அதையே மறுபடி சொன்னேன். வேலை போனால் போகட்டும்.

5-8-88, வெள்ளி

வேலை போகவில்லை. பெரிய டாக்டர் கிளமென்ட் சாரைக் கூப்பிட்டு, புரோகிராம் வேண்டுமானால் சோதனைகள் உள்ளேயே இருக்க வேண்டும், அந்த ஹனீஃபாவும் ஆபீசில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். சார் என்னோடு பேசுவதில்லை.

எல்லா SARI வரியையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வேலையை உள்ளே வைத்து எழுதியது இன்னும் இரண்டு இருக்கிறது. இரண்டு! இனி வேலை ஒரு வரியில், சரிபார்ப்பது அடுத்த வரியில்: எடை ஃபைலில் 61-இல் வேலை, 62-இல் SARI.

8-8-88, திங்கள்

பாய் வந்துவிட்டார். என்னை 'மேடம்' என்கிறார்.

புது ஃபிளாப்பியைக் கொடுத்தேன். வாங்கவில்லை. "கொண்டுபோற ஃபிளாப்பியிலேயே சோதனைய ஓட்டிக் காட்டுங்க மேடம். சோதிக்கிறது ஒண்ணு, குடுக்கிறது ஒண்ணுன்னா நான் தொட மாட்டேன்." அவர் பக்கத்தில் நிற்க, புதிதாகச் சேர்த்த மூன்றோடு நூற்று நாற்பத்து மூன்றையும் ஓட்டினேன். திரை சும்மா இருந்தது. அதுவும் அவருக்குப் போதவில்லை. வேண்டுமென்றே ஒரு தப்பு எடை தட்டச் சொன்னார். நின்றது. அப்புறம்தான் லேபிளை ஒட்டினார்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? சும்மா இருந்த திரையை நான் எத்தனை நாள் நம்பினேன்?

19-9-88, திங்கள்

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பாய் எடுத்தார். எனக்கு இன்னும் அந்த போன் மணி அடித்தாலே பகீர் என்கிறது. "சொல்லுங்க சிஸ்டர்... ஆமாங்க... நின்னுடுச்சா?" என்றது மட்டும் காதில் விழுந்தது.

பிறந்த குழந்தைகள் வார்டு. 3.2 என்று தட்டுவதற்குப் பதில், புள்ளி விட்டுப்போய் யாரோ 32 என்று தட்டியிருக்கிறார்கள். சீட்டு வரவில்லை. புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது.

கிளமென்ட் சார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன பாய், கம்ப்ளெயின்ட்டா?"

"இல்ல சார். நின்னுடுச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டாங்க."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எடை ஃபைலு, வரி அறுபத்திரண்டு. எழுதிக்குங்க, வேதாம்மா."

எழுதிக்கொண்டேன்.