பின்சீட்டுச் சுவிட்சு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதிவிட்டு, அது முழு உண்மைதானா என்று யோசித்தேன், பாதிக்கு மேல் உண்மை என்பதால் அடிக்காமல் விடுகிறேன். அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாள், இடக்கையால் தானே டம்ளரைப் பிடித்துக்கொள்கிறாள். வலப்பக்கம் இன்னும் அசையவில்லை, பேச்சும் திரும்பவில்லை. பக்கவாதம் வந்த அந்த ஒரு நாளில் அவள் வாய் அடைத்ததிலிருந்து வீட்டில் குக்கர் சத்தம்தான் பெரிய சத்தம்.

இந்த மாதத் தொடக்கத்தில் நீ போனில் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். “அப்பா, நீங்க சும்மாவே பயந்து பயந்து வண்டி ஓட்டுவீங்க, பேச முடியாதவங்களப் பின்னால உக்கார வச்சுட்டு எப்படிப் போவீங்க? அவங்களுக்கு ஏதாவது ஆனாக்கூட உங்களுக்குத் தெரியாதே, எங்க ஊர்ல நல்ல இல்லம் இருக்கு, கொண்டுவந்து சேத்துருங்க” என்றாய். நீ சொன்னதில் எனக்குத் தவறு தெரியவில்லை. கைகால் அசைவுக்கான பயிற்சி நிலையத்துக்கு அவளை நாள் தவறாமல் கூட்டிப் போக வேண்டும், வாடகை வண்டிக்காரர்களுக்கு அவளைத் தூக்கி உட்காரவைக்கிற பொறுமை இல்லை, முன்சீட்டில் வைத்தால் என் பக்கம் சாய்ந்துவிடுகிறாள். ஆகவே பின்சீட்டில் தலையணை கொடுத்து உட்காரவைத்து, நான் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதா ரோட்டைப் பார்ப்பதா என்று தவித்துக்கொண்டிருந்தேன். நேரில் என்றாலும் போனில் என்றாலும் நீ இரண்டு கேள்வி கேட்டால் நான் சரியென்று சொல்லிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் கூப்பிட ஒரு வழி வேண்டும் என்று நினைத்தேன். மணி வைக்கலாம், ஆனால் திடீரென்று சத்தம் கேட்டால் நான் பதறி ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். வெளிச்சம் என்றால் பதற்றமில்லை. இளம்பிள்ளைகள் காருக்குள் அழகுக்கு ஒட்டுகிற விளக்குப் பட்டைகள் வாங்கப் போனேன். கடைக்காரர், “என்ன சார், இந்த வயசுல வண்டிய டான்ஸ் ஹாலா மாத்தப் போறீங்களா? பாட்டும் போட்டுத் தரவா?” என்று கேட்டார், கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விஷயத்தைச் சொல்லியிருக்கலாம், சொல்லாமல் நானும் சிரித்துவிட்டு வாங்கி வந்தேன்.

நான் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றாவது கண்ணில் படும்படி டாஷ்போர்டுக்குக் கீழே ஒன்று, முன் கதவுகளில் ஒவ்வொன்று, கண்ணாடிக்கு மேலே ஒன்று என்று ஒட்டினேன். அத்தனைக்கும் ஒரே சுவிட்ச், அம்மாவின் இடக்கைப் பக்கம் கதவில். ஒரு விளக்கு போனாலும் மற்றவை எரியட்டும் என்று சுவிட்சிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கம்பி பிரித்தேன். பெயிண்டைச் சுரண்டிவிட்டு, விளக்குகளின் கறுப்புக் கம்பிகளை எர்த்துக்காக வண்டியின் இரும்பு உடம்பில் இறுக்கினேன். நடுவில் ஃபியூஸ் போட்டேன். எல்லாம் சரியாகச் செய்தேன். பேட்டரி இறங்கிவிடுமோ என்கிற என் பழைய பயத்தில், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற கம்பியில் சேர்த்தேன், அங்கேதான் கோட்டை விட்டேன்.

இதை உன்னிடம் மறைத்தால் நீ சரியாக முடிவெடுக்க முடியாது. நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு சக்கர நாற்காலிக்காக உள்ளே போனேன், தள்ளுகிறவரைக் காணவில்லை, தேடி அழைத்துவரத் தாமதமாகிவிட்டது. திரும்பி வந்தால் அம்மா சீட்டில் சரிந்து, பெல்ட் கழுத்தை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரல் சுவிட்சின் மேல் வெளுத்துப்போயிருந்தது. சாவி என்னிடம் இருந்ததால் ஒரு விளக்கும் எரியவில்லை, எரிந்திருந்தால் வாசலில் போனவர்களாவது எட்டிப் பார்த்திருப்பார்கள். பெல்ட்டைத் தளர்த்தி நிமிர்த்தியபோது அவள் என்னைத் திட்டுகிற மாதிரி பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன், என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் விருப்பப்படியே செய்யலாம் என்று உனக்கு எழுதி உறையில் போட்டேன். இருந்தாலும் கம்பியை, சாவி இல்லாமலும் மின்சாரம் வருகிற இடத்துக்கு மாற்றினேன். இப்போதெல்லாம் நிலையத்து வாசலில் வண்டியில் இருந்தபடியே உள்ளே போன் செய்கிறேன், நாற்காலி வண்டிக்கே வருகிறது, நான் அவளை விட்டு இறங்குவதில்லை.

நேற்றுக் காலை அந்த உறையைத் தபாலில் சேர்க்க எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பெரிய ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போயிருப்போம், விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தது. ஓரமாக நிறுத்தித் திரும்பினேன். தண்ணீரா என்றேன், தலையாட்டி மறுத்தாள். வலியா, பெல்ட்டா, தலையணையா, எதுவுமில்லை. அவள் இடக்கையை மெல்லத் தூக்கி எனக்கு முன்னால் காட்டினாள். முந்தின திருப்பத்தில் நான் போட்ட இண்டிகேட்டர் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து, “ஏங்க, அத அணைங்க, பின்னால வர்றவன் உங்கள நம்பி ஏமாறப் போறான்” என்று அவள் சொல்லாத பயணம் உண்டா? நீயே பின்சீட்டில் சிரித்திருக்கிறாய்.

அதை அணைத்தபோதுதான், இத்தனை நாள் அவளைக் கேட்காமலே நாம் இருவரும் பேசிக்கொண்டிருந்தது உறைத்தது. பாப்பா சொல்ற இல்லத்துக்குப் போறியா, சரின்னா லைட்டப் போடு என்றேன். கையைச் சுவிட்சிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். களைப்பில் எடுத்திருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம், உனக்குத் தெரியும் என் குணம், திருப்பிப் போட்டுக் கேட்டேன். நம்ம வீட்லயே இருக்கியா, நான் ஓட்டுற வண்டிலயே வர்றியா, அதுக்குச் சரின்னா போடு. கை போனது. எல்லா விளக்கும் எரிந்தது. போதும், புரிந்தது என்றேன், விரலை எடுக்கவில்லை. வண்டியைக் கிளப்பினேன், எடுக்கவில்லை. நிலையத்து வாசல்வரை பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிய, ஊர் பார்க்க ஓட்டிக்கொண்டு போனேன் பாப்பா.

அந்த உறையைக் கிழித்துவிட்டேன். என்மேல் வருத்தப்படாதே. உனக்கும் உன் வீட்டுக்கும் எங்கள் இருவர் ஆசியும் என்றும் உண்டு. குழந்தைகள் அறையில் தளர்ந்திருந்த பிளக்கை மாற்றச் சொன்னேனே, மறக்காதே. விடுமுறைக்கு வரும்போது முன்சீட்டில் உட்கார், பின்னால் இடப்பக்கம் அம்மாவுக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா
(அம்மாவும் பக்கத்தில் இருந்து, வாசிக்கக் கேட்டு, சரியென்று தலையாட்டினாள்.)